வெட்டி எறிந்த வெள்ளை ஓரம்

17.11.1985, ஞாயிறு, ரண்டர்ஸ், டென்மார்க்

மேல்மாடிக் கிழவர் யென்ஸ், இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பதவியிலிருந்த ஒரு தளபதியின் முகத்தைச் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்தவர். அந்தப் படத்தைப் போன கிழமை எனக்குத் தந்தார். நான் வாங்கிய சட்டத்துக்குள் அது அடங்கவில்லை. கீழே பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. யாரோ கடைக்காரன் போட்ட விலைக் கணக்காக்கும் என்று நாலு ஓரத்தையும் கத்தரித்து எறிந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற மூளை!

"ஊரிலை ஆமிக்குப் பயந்து ஓடிவந்திட்டு, இஞ்சை ஒரு ஆமிக்காரனைச் சுவரிலை கொழுவுறியளே!" என்று மனைவி சிரித்தாள்.

இன்று கோப்பிக்கு வந்த யென்ஸ் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். மகளிடம் டேனிஷில் ஏதோ சொன்னார்.

"அப்பா, நீங்கள் வெட்டினது அவரின்ரை கையெழுத்தாம். தகடு தேய்ஞ்சு போச்சாம், இனி அச்செடுக்கேலாதாம். பரவாயில்லையாம், திரும்ப எழுதித் தாறாராம்."

படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் பென்சிலை எடுத்தார். எழுதுவதற்கு ஒரு விரல் அகல வெள்ளைகூட நான் விட்டுவைக்கவில்லை. பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சட்டம் வடிவாக இருக்கிறது என்றார்.

மன்னிப்புக் கேட்கும் டேனிஷ் சொல் எனக்குத் தெரியும். பஸ்ஸில் யாரையாவது இடித்தால் தினமும் சொல்கிறேன். இன்று அது வாயில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றவா என்றுதான் கேட்டேன்.