நாலாகப் பிரிந்த முட்டை

மார்ச் 24

அப்பா இன்றும் ஒரு வாளி கடல் முள்ளெலி, வலையில் மாட்டும் அந்த முள் உருண்டைகள், கொடுத்தனுப்பினார். அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் ஆய்வகம்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் அம்மா, "கொழம்பு வைக்கவாம்மா?" என்றார். "இல்லங்க, முட்டை எடுக்குறதுக்கு" என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம். அப்பாவின் விசைப்படகு போகாது, வாளி வராது. தடை முடியும்போது முட்டைப் பருவமும் முடிந்திருக்கும். அதற்குள் முட்டை பிரிவதை நுண்ணோக்கியில் படம் எடுத்தாக வேண்டும், மோகனப்பிரியா! இல்லையென்றால் ஆராய்ச்சி இன்னொரு வருஷம் இழுக்கும்.

மார்ச் 29

"அப்புடி என்னத்தடி பாக்குற அதுல?" என்று அம்மா போனில் கேட்டாள். சொன்னேன். செல்லுக்குள் சென்ட்ரோசோம் என்று ஒரு பொட்டு. செல் பிரியும் முன் அது ஒரே ஒரு தடவை இரண்டாகும். இரண்டும் ஆளுக்கொரு முனையில் நின்று செல்லைப் பிரித்துவிடும். ஏன் ஒரே தடவை? அதற்குள் ஒரு தாயும் சேயும் ஒட்டியிருக்கும். அவை விலகினால்தான் அடுத்தது பிறக்கும் என்கிறார்கள். விலகவிடாமல் மருந்து போட்டுப் பார்க்கிறேன்.

"கைப்புள்ள பால் மறக்காம அடுத்தது எப்புடிடி வரும்? இதுக்கு மருந்து வேறயா?" ஒரே சிரிப்பு. எனக்கும்தான்.

ஏப்ரல் 2

மருந்து போட்ட முட்டைகள் நாலாகப் பிரிகின்றன! இரண்டு இல்லை, நாலு! ஒரே தடவை என்ற கட்டுப்பாடே உடைந்துவிட்டதா? புத்தகத்தில் இருப்பதெல்லாம் தப்பா? அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். படகுத்துறையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

ஏப்ரல் 3

மானம் போச்சு.

கூட வேலை செய்யும் இர்ஃபானா கேட்டாள்: "மருந்து போடாத கிண்ணத்தப் பாத்தியாடி?" பார்க்கவில்லை. அதிலும் நாலு. நாலானது மருந்தால் இல்லை; மருந்து முட்டைக்குள் இறங்கும் முன்பே நடந்த கூத்து. நான்தான் முட்டைகளின் மேல் விந்து நீரை அள்ளி ஊற்றியிருக்கிறேன். ஒரு முட்டைக்குள் இரண்டு விந்து நுழைந்தால் இரண்டு சென்ட்ரோசோம் வந்துவிடும். இரண்டும் இரட்டித்தால் நாலு. சொட்டு விட வேண்டிய இடத்தில் ஊற்றிய கை — எங்கள் வீட்டுக் கை. விருந்தாளி இலையில் குழம்பு ஓடினால்தான் அம்மாவுக்குத் திருப்தி.

டீ குடித்தவர்கள் முகத்தில் அப்பா எப்படி முழிப்பார்?

ஏப்ரல் 6

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "டீதானே, குடிச்சாச்சு போ. மொத வலையில பாசி வந்தா, வலைய சுருட்டிக்கிட்டா வந்துருவோம்?" என்றார். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 11

வாளி இல்லை. காற்று சரியில்லையாம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நேற்று வந்தது கடைசி வாளி. விந்தை நன்றாக நீர்க்க வைத்து இர்ஃபானாவே விட்டாள்; என் கையை அவள் நம்பத் தயாராக இல்லை.

மருந்து இல்லாத கிண்ணத்தில் அழகாக இரண்டிரண்டு. இந்தத் தடவை முன்னாலேயே மருந்து போட்ட கிண்ணத்தில் தாயும் சேயும் ஒட்டியபடியே — புதிதாக எதுவும் இல்லை. மருந்தைக் கழுவினோம். விலகியது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று முளைத்தது. ஒன்றே ஒன்று! எல்லாம் படத்தில் இருக்கிறது! நாங்கள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

ஏப்ரல் 16

என் ஆராய்ச்சி வழிகாட்டி தியாகேசன் சார் படத்தை மூன்று தடவை பார்த்தார். "எழுத ஆரம்பிம்மா" என்றார்.

ஊருக்கு வந்திருக்கிறேன். படகெல்லாம் கரையில். அப்பா என் போனை வாங்கிக்கொண்டு போய், வலை பழுது பார்ப்பவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். "இப்ப வெலகும் பாரு... ஆங்! பக்கத்துல ஒண்ணு வந்துச்சா? அவ்வளவுதான், இனிமே வராது. எம் பொண்ணு சொல்லிட்டா."

சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, இவங்களுக்கு இன்னொரு தடவ போட்டுக் காட்டிட்டு வர்றேன்" என்கிறார்.