வகுப்புக்கே நான் சொன்ன பதில்

செவ்வாய், இரவு

சாயங்காலம் என் பந்தைத் திரும்ப வாங்கிவர, என் வகுப்புக் கந்தசாமி வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா அவனைத் தென்னைமட்டையால் விளாசிக்கொண்டிருந்தார். காது கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். குறுக்கே பாய்ந்தேன். என் தோளிலும் ஒன்று விழுந்தது.

"எம்பட பையனை நான் அடிப்பேன். உனக்கென்னடா நோவுது?" என்றார்.

கந்தசாமியை நல்லேப்பிள்ளி வாய்க்கால்வரை இழுத்துக்கொண்டு ஓடினேன். "அப்பா அடிக்கறத அந்த ஃபாரத்துல எழுதியிருந்தா டீச்சர் கேட்டிருப்பாங்கடா!" என்று கத்தினேன்.

"நீதானடா இல்லீன்னு போடச் சொன்னே, பெரிய வாத்தியாரு!"

உண்மைதான். போன வாரம் மாணவர் நலப் படிவம் மலையாளத்தில் வந்தது. எங்களுடையது மலையாளப் பள்ளிக்கூடம்; அதன் தமிழ் டிவிஷனில் மலையாளம் சரளமாகப் படிப்பவன் நான்தான். ஃபோனில் மலையாள ஃபுட்பால் ரசிகர் குழுக்களில் சண்டை போட்டே கற்றது. டீச்சர் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். நான் பரீட்சை மாதிரி விடையும் சேர்த்துச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாய்? பத்துக்குப் பத்து. வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? இல்லை. எல்லோரும் அப்படியே எழுதினார்கள். வகுப்புக்கே ஃபுல் மார்க் என்று குதித்தேன்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாத, அந்தாளு கொன்னுபோடும்" என்றான் கந்தசாமி. இப்போது எங்கள் வீட்டில் என் பாயில் குப்புறக் கிடக்கிறான்.

சொல்லாவிட்டாலும் கொன்றுவிடுவார். டீச்சருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்: "ஃபாரம் எல்லாம் பொய் டீச்சர். முப்பத்தோரு பேரும் எழுதினது நான் சொன்ன பதில். கந்தசாமிய அவங்கப்பா அடிச்சுக் காது கிழிஞ்சிருச்சு. அவனை மட்டும் ஊட்டுக்கு அனுப்பாதீங்க."

டீச்சர் படித்துவிட்டார். கந்தசாமி இன்னும் தூங்கவில்லை. டீச்சரிடம் சொல்லிவிட்டேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?