ஞாயிற்றின் துடிப்பும் நாம் செய்த பிழையும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலமென்றே சொல்ல வேண்டும். அங்கே நீ நேரத்துக்கு உண்கிறாயா, உறங்குகிறாயா என்பதே எங்கள் கவலை. உன் மடல் வந்து ஒன்பது நாளாகிறது. நாள்தோறும் எழுத உட்கார்ந்து, எழுந்துவிடுகிறேன். ஐம்பது ஆண்டு மேடையில் முழங்கியவனுக்கு நான்கு வரி வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, முழங்கால் வலியும் குறையவில்லை, அதை விடு. ஞாயிற்றின் மேற்பரப்பு ஓயாமல் ஏறி இறங்குவதைச் செயற்கைக்கோள் பார்த்து அனுப்ப, அந்த அதிர்வுகளைக் கொண்டு கண்ணுக்கெட்டாத அதன் உள்ளாழத்தை என் மகள் அளக்கிறாள் என்று எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன்! ஆழத்தில் ஓடும் கனல் ஆண்டுக்கொரு முறை விரைந்து, பின் தணிகிறது என்று நீ கட்டுரையில் எழுதியதை, ஞாயிறு மூச்சுவிடுகிறது என்று நானே பெருக்கிப் பேசினேன். இப்போதோ, அது ஞாயிற்றின் அசைவன்று, செயற்கைக்கோள் ஆண்டுதோறும் அதனை நெருங்கியும் விலகியும் செல்வதைச் சரியாகக் கழிக்காமல் விட்ட பிழை என்கிறாய். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் வேலை உறுதியாகாது, அது உறுதியாகும்வரை இரண்டு மாதம் வாய் திறக்காதே என்று உன் துறைத்தலைவர் சொல்கிறாராம். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய்.

உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மேடையில பேசுற மாதிரி அவளுக்கு எழுதித் தொலைக்காதீங்க. கைதட்டுறவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க, வேலை போறது அவளுக்குத்தான்" என்றாள். ஆகவே என் வாயால் சொன்னதை மட்டும் நான் திருத்தப் போனேன். சென்ற வாரக் கூட்டத்தில், ஞாயிறு மூச்சுவிடுவதாக நான் முழங்கியது தவறு என்று அறிவித்தேன். பாதி நாற்காலிகள் காலி. கூட்டம் நடத்துபவர் அருகில் வந்து, "அண்ணே, சூரியன் மூச்சு விட்டா என்ன, விடாட்டி என்ன? விஷயத்துக்கு வாங்க" என்றார். முன்வரிசையில் சிரித்தார்கள். உரையை அத்தோடு முடித்து உட்கார்ந்துவிட்டேன். வென்றதாகத் தோன்றவில்லை மகளே, களைப்புத்தான் மிஞ்சியது. ஆனால் வீட்டுக்கு வந்ததும், பல நாளுக்குப் பிறகு, நன்றாகப் பசித்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிடு என்றே என் மனம் சொல்கிறது. இழக்கப் போகிறவள் நீ என்பதால் அதற்குமேல் என்னால் உரத்துச் சொல்ல இயலவில்லை.

நேற்று உன் அறைப்பக்கம் போனேன். பத்தாண்டாக நான் அங்கே அடைத்து வைத்திருந்த துண்டறிக்கைக் கட்டுகளெல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. கட்டிலில் புது விரிப்பு, சன்னலில் துவைத்த திரை. என்ன இதெல்லாம் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "ஒரே தூசியா இருந்துச்சு" என்றாள், என் முகத்தைப் பாராமல்.

எம்முடிவு எடுத்தாலும் நலிவின்றி, நிமிர்ந்து வாழ்க. அக்கட்டுரையில் உன்னோடு பெயரிட்ட தோழியிடம் முதலில் நீயே சொல். பிறர் வாயால் அவள் கேட்கக் கூடாது. மறவாதே.

உன் வரவுக்கும் மடலுக்கும் ஒருங்கே காத்திருக்கும்,
அப்பா