கீழ்வரிசை மரங்களும் ரீத்தாவின் கிணறும்

பிப்ரவரி 12

கல்லூரியின் புதிய முதல்வர் என் ஆய்வைப் பற்றி விசாரித்தார். சொன்னேன்: குலசேகரத்துக்கு மேலே, தங்கை சுஜியின் கணவர் ஞானதாசனுடைய ரப்பர் சரிவு. அதில் நான்கு துண்டு. ஒன்றுக்கு உரம். ஒன்றில் மரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் விரித்து, மழையில் மூன்றிலொரு பங்கை வெளியேற்றுகிறோம். ஒன்றில் இரண்டும். ஒன்றில் எதுவுமில்லை. மரத்துக்குள் ஊசி செருகி, எவ்வளவு நீர் ஏறுகிறது என்று அளக்கிறோம். பைன் தோட்டங்களில் செய்திருக்கிறார்கள், ரப்பரில் எப்படி என்று பார்க்க வேண்டும். இந்தக் கோடை போக இன்னும் ஒரு கோடை பாக்கி.

"மரம் தண்ணி குடிக்கும்னு கண்டுபிடிக்க மூணு வருஷமா மேடம்?"

ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 25

ரப்பர் இலை முழுவதும் கொட்டிவிட்டது. பால்வெட்டு இல்லை. தோட்டத்தில் யாரும் இல்லை, ரீத்தாவைத் தவிர. சரிவின் அடியில், வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. என் வயதுதான். இரண்டு மாடு. கிணறு வற்றிவிட்டதால் ரோட்டுக் குழாயிலிருந்து சுமக்கிறாள். என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"டீச்சரே, உரம் போட்ட மரம் எனக்க கிணத்து வெள்ளத்தை முழுக்கக் குடிச்சுப் போட்டுது. கீழ்வரிசையை முறிக்கச் சொல்லுங்க."

"அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"நீங்க அளந்து முடிக்கதுக்குள்ள மாடு செத்துரும்."

மார்ச் 3

ஞானதாசன் காத்திருந்தார். "மைனி, கீழ்வரிசை ஒவ்வொண்ணும் கறக்குத பசு. அவ சொன்னதுக்கு முறிக்கவா? நீங்க படிச்சவிய, ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லி அவ வாயை அடையுங்க."

சுஜி அடுக்களையிலிருந்து: "அக்கா தமிழ்ல சொன்னாலே ஒருத்தருக்கும் விளங்காது."

ஏப்ரல் கடைசி ஞாயிறு, பூசைக்குப் பிறகு பேசித் தீர்க்கலாம் என்றாராம் பங்குச் சாமியார். நான் சொல்வதை இரண்டு தரப்பும் ஏற்குமாம். நான் சொல்வதில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

மார்ச் 30

கணக்கு முடிந்தது. உரமிட்ட மரம் கூடுதலாகக் குடிக்கவில்லை. பிளாஸ்டிக் விரித்த இடத்தில் உரமிட்டவை எல்லாவற்றையும் விடக் குறைவாகவே குடித்திருக்கின்றன. இருந்தும் பருத்திருக்கின்றன. ஊசி பொய் சொல்கிறதோ என்று மூன்றை மாற்றிப் பார்த்தேன். அதேதான்.

ரீத்தா தோற்பாள்.

ஏப்ரல் 2

போகிறபோக்கில் கேட்டேன், முன்பு எப்போதாவது வற்றியதுண்டா என்று.

"இந்த வீட்டுக்குக் கெட்டி வந்த நாள்ல இருந்து இல்ல. போன வருஷம் சகதி, இந்த வருஷம் பாறை. எல்லாம் நீங்க உரம் போட்ட பெறவுதான்."

பிறகு நடந்தது என்பதால் அதனாலேயே நடந்தது என்று ஆகாது என்றேன்.

"அப்ப எதனால?"

மாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 17

கோடை மழை. கருவிகளை மூடப் போனேன். பிளாஸ்டிக்கின் மேல் விழுந்த நீர் குழாயில் இறங்கி, வேலியைத் தாண்டி, ரீத்தாவின் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் ரோட்டோர ஓடையில் நுரைத்து விழுந்தது. அங்கிருந்து ஆறு, பிறகு கடல்.

அந்தக் குழாய்க்குப் படம் வரைந்து கொடுத்தது நான். வெளியேற்றிய நீர் மற்ற மரங்களின் வேருக்குப் போய்க் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாதே — அவ்வளவு கவனம். படத்தில் எல்லா மரங்களும் இருந்தன. கிணறு இல்லை.

உரமும் பிளாஸ்டிக்கும் ஒரே ஜூனில்தான் வந்தன. அவள் கண்ணில் உரம் பட்டது.

என்ன காரியம்டி செய்து வச்சிருக்க நீ.

ஏப்ரல் 19

பரப்பு, மழையளவு, மூன்றிலொரு பங்கு என்று பெருக்கிப் பார்த்தேன். ஒரு கிணற்றை வற்ற வைக்க இது போதுமா? போதலாம். போதாமலும் இருக்கலாம். இந்த இரண்டு வருஷமும் மழையே குறைவு. குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பினால் கீழ்வரிசை வேர்கள் குடித்துவிடும், பிறகு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. பிளாஸ்டிக்கையே எடுத்துவிட்டால் மூன்றாவது கோடை இல்லை. அது இல்லாமல் கட்டுரையும் இல்லை.

என்னிடம் மரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

தலைவலி.

ஏப்ரல் 28

சொல்லிவிட்டேன். மரத்தின் மேல் குற்றமில்லை. காரணம் என் பிளாஸ்டிக்காக இருக்கலாம். நிரூபிக்க முடியாது. எடுத்துவிடுகிறேன்.

சாமியார் இரண்டு தடவை கேட்டார், இருக்கலாமா, ஆமாவா என்று. இருக்கலாம் என்றே இரண்டு தடவையும் சொன்னேன்.

"ஜெயிச்ச கேஸை நீங்களே தோத்துப் போட்டியளே மைனி," என்றார் ஞானதாசன். அவருடைய மரங்கள் நிற்கின்றன. அது அப்போது அவருக்கு நினைவில் இல்லை.

ரீத்தா எழுந்து நின்றாள். "அப்ப ரெண்டு வருஷமா மழையைக் களவாண்டது நீங்களா டீச்சரே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மே 6

பிளாஸ்டிக் எடுத்தாயிற்று. அடியில் மண் வெளிறிக் கிடந்தது. நிதி தந்த அலுவலகத்திலிருந்து போன்: ஆய்வை நிறுத்தத் தொழில்நுட்பக் காரணம் என்ன?

"கீழே ஒரு கிணறு இருக்கிறது."

அது தொழில்நுட்பக் காரணத்தில் சேராதாம்.

ஜூன் 30

மழை. இன்றும்.

பிப்ரவரி 23

சுஜி வீட்டுக்குப் போனவள் ரீத்தாவின் கிணற்றையும் பார்த்தேன். போன ஆண்டு இதே சமயம் பாறை. இன்று கயிற்றில் கல் கட்டி இறக்கினேன். ஓர் ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். பிளாஸ்டிக் போனதாலா, மழை கூடியதாலா? ஒரே ஒரு கிணறு. இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. அவளிடமும் அதைச் சொன்னேன்.

"எட்டி எட்டிப் பாத்தது போதும் டீச்சரே. வந்ததுக்கு மாட்டுக்கு ரெண்டு வாளி கோரி ஊத்துங்க."

ஊற்றினேன். கறுத்த மாடு காலி வாளியை மூக்கால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தது. இன்னொரு வாளி இறக்கினேன்.