நூறு ரூபாய்க்கு மேல் என்னிடம் வசூலிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கோரும் மனு

அனுப்புநர்:
மு. ஜெய்னுலாபுதீன்,
வலை, கயிறு வியாபாரம்,
காரைக்கால்.

பெறுநர்:
சட்டத்துறைச் செயலாளர் அவர்கள்,
புதுவை அரசு, புதுச்சேரி.
(வழி: நிர்வாக அதிகாரி, காரைக்கால்)

பொருள்: ஆதாரமில்லாத கைதுக்கு நடுவர் நீதிமன்றம் வழங்கும் நஷ்டஈட்டின் உச்சவரம்பு குறித்து.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பாதிக்கப்பட்டவன் அல்ல; பாதிப்பை உண்டாக்கியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. 1980 டிசம்பர் புயலில், எனக்குப் பங்குள்ள படகிலிருந்து ஒரு நைலான் வலை அறுந்து போயிற்று. ஜனவரியில் காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் அந்த வலை விரித்துக் கிடக்கக் கண்டேன். மேல்கயிற்றில் என் கடையின் அடையாளமான சிவப்பு நூல் இருந்தது. விசைப்படகு ஓட்டும் செல்லையன் கொண்டுவந்தது என்றார்கள். நேராகக் காவல் நிலையம் சென்று, திருட்டு என்று எழுதிக் கொடுத்தேன். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, ஊரார் முன்னிலையில் அவரைக் கைது செய்தார்கள். ஒன்பது நாள் சிறையில் இருந்தார்.

3. கடலில் மிதக்கும் வலையைக் கண்டவர் கரையில் நாலு பேர் பார்க்க விரித்துவைப்பதும், உடையவர் வந்து அடையாளம் சொல்லி எடுத்துப்போவதும் அவ்வூர் வழக்கம் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் தங்கையன் சாட்சி சொன்னார். இருபத்திரண்டு வருடமாக வலை விற்கும் எனக்கு இது தெரியாது. புகார் கொடுக்குமுன் செல்லையனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று நடுவர் வினவினார். கேட்கவில்லை என்றேன். கேட்டிருக்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

4. செல்லையன் விடுவிக்கப்பட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 358-ஆம் பிரிவின்படி, அவருடைய நேர இழப்புக்கும் செலவுக்கும் நான் நூறு ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதற்கு மேல் ஒரு பைசா விதிக்கவும் சட்டம் தமக்கு இடம் தரவில்லை என்று நடுவர் திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். செல்லையன் கடலிலிருந்து மீட்ட வலை, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பெறுமானமுள்ளது, என்னிடமே ஒப்படைக்கப்பட்டது. ஆக, இவ்வழக்கில் லாபம் எனக்குத்தான். வெட்கமாக இருக்கிறது.

5. செல்லையன் பதினான்கு வருடம் ஓட்டிய படகில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். செல்லையன் கூலிக்கு வலை இழுக்கிறார். அவர் மனைவி செல்லம் எங்கள் தெருவில் மீன் விற்க வருவதில்லை; யாரோ திருடன் பெண்டாட்டி என்றார்களாம். கடலில் வலை மிதந்தால் இப்போது யாரும் தொடுவதில்லை என்றும் கேள்விப்படுகிறேன்.

6. நூறு ரூபாயைப் பெற்றுக்கொண்டு செல்லையன் ரசீது கொடுத்தார். பிறகு நான் இரண்டாயிரம் ரூபாயுடன் அவர் வீட்டுக்குச் சென்றேன். உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பணத்தைத் தொடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கோர்ட்டு குடுக்கச் சொன்னா அது என் நியாயம், வாங்கிக்கிறேன் பாய். நீங்களா குடுத்தா அது தர்மக்காசு. நான் என்ன கையேந்துனேனா?" பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

7. சட்டம் மாறினாலும் முடிந்த வழக்குக்குப் பொருந்தாது என்று வக்கீல் தெட்சிணாமூர்த்தி சொல்லிவிட்டார். தெரிந்தேதான் எழுதுகிறேன். என் கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு வலையின் மேல்கயிறுகூட வராது. ஒரு மனிதரின் ஒன்பது நாளுக்கும் பெயருக்கும் அது போதும் என்று எழுதிவைத்திருப்பது சரியா என்று தாங்கள் பரிசீலித்து, அந்த வரம்பை உயர்த்த மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

8. அதற்கு முன்பாக, ஜெய்னுலாபுதீன் செல்லையனுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று அரசு முத்திரையுடன் ஒரு காகிதம் தர வழியுண்டா என்று பார்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். என் சம்மதத்தை எந்த முத்திரைத்தாளில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். செல்லையன் வரும் பங்குனியில் குடும்பத்தோடு கொச்சிக்குப் படகு வேலைக்குப் போகிறார். அதன்பின் உத்தரவு வந்தால் என்னிடம் பணம் இருக்கும். வாங்கிக்கொள்ள அவர் இங்கே இருக்கமாட்டார்.

இடம்: காரைக்கால்
நாள்: 12-2-1982

தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்டவன்,
(ஒப்பம்) மு. ஜெய்னுலாபுதீன்,
மேற்படி வழக்கில் புகார் கொடுத்தவன்.