நாற்பத்து மூன்று கையெழுத்துகள்

மார்ச் 4, செவ்வாய்

இருபத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு வேலைநாளில் காலை ஒன்பதரை மணிக்குச் சவரம் செய்துகொண்டேன். ஒரு கீறல்கூட விழவில்லை. அதைப் பதிவு செய்துவைக்க விரும்புகிறேன்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையில், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுகளில் வார்க்கும் அச்சுப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன், வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து எதற்கும் தலைவனல்ல. மேலாளர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். "மறுசீரமைப்பு சார், என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவர் கையில் அப்போது என் நாற்காலிக்கு வரப்போகிறவரின் நியமனக் கடிதம் இருந்தது.

மார்ச் 9

மைத்துனன் ஆறுதல் சொல்ல வந்தான். "அம்பத்தி நாலு வயசுல இன்னும் என்ன அத்தான் ஓட்டம்? பேசாம காலைல வாக்கிங் போங்க." என் மனைவி அவனுக்கு இரண்டாவது காபி தரவில்லை. யார் பக்கம் நிற்கிறாள் என்பதை அவள் அப்படித்தான் அறிவிப்பாள்.

மார்ச் 17

வெளிநாட்டு வேலை முகவர் ஒருவரைப் பார்த்தேன். மேசைமேல் நான்கு கைப்பேசிகள், நான்கும் ஒலித்துக்கொண்டிருந்தன.

"முப்பது வயசுன்னா நாளைக்கே பிளைட் ஏத்திருவேன் சார். உங்க வயசுக்கு எவன் விசா போட்டுக் கூப்பிடுவான்? செக்யூரிட்டி வேலை வேணா பாக்கட்டுமா?"

பொறியியல் பட்டம் இருக்கிறது என்றேன். அதற்கு நல்ல சட்டமாகப் போட்டுச் சுவரில் மாட்டும்படி அறிவுரை கிடைத்தது. நன்றி சொல்லி எழுந்தேன். கதவை மெதுவாகவே சாத்தினேன்.

மார்ச் 23

முகவர் இல்லாமலே தேடுகிறேன். 'விசா ஆதரவு உண்டு' என்று விளம்பரங்களில் மின்னுகிறவற்றில் பாதி தூண்டில். ஆனால் எந்தெந்த நிறுவனங்களுக்கு வெளிநாட்டவரை அழைத்து வேலை தரும் உரிமம் உண்டு என்று நான் போக நினைக்கும் நாட்டின் அரசே பட்டியல் வெளியிடுகிறது. உணவகம், மருத்துவமனை, கணினி என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் தொழிற்சாலைகளை மட்டும் மிச்சம் வைத்தேன். இருநூற்றுப் பதினொன்று.

அவற்றில் ஒரு பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சலவை இயந்திரம் செய்கிறவர்கள். எங்கள் தொழிற்சாலை செய்யும் கதவுக் கொக்கிகள் பதினோரு ஆண்டுகளாக அவர்களுக்குத்தான் போகின்றன. அந்தப் பெயர் அச்சிட்ட சீட்டை எத்தனை பெட்டிகளில் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன்!

விண்ணப்பித்தேன்.

ஏப்ரல் 2

இதுவரை ஒன்பது மறுப்புகள். ஒன்றில் என் பெயருக்குப் பதிலாக வேறொருவர் பெயர். அந்த மனிதருக்கும் வேலை கிடைக்கவில்லை.

ஏப்ரல் 15

சலவை இயந்திர நிறுவனத்திலிருந்து பதில். வெளியார் செய்து அனுப்பும் உதிரிபாகங்களின் தரத்தைக் கண்காணிக்கும் பொறியாளர் வேலை. விசாவுக்கு அவர்களே பொறுப்பேற்பார்கள். நிபந்தனை ஒன்றே: அச்சுப் பிரிவில் பத்தாண்டு பொறுப்பான பதவி வகித்ததற்குப் பழைய நிறுவனத்தின் சான்று. பதவிப் பெயர் அதில் கட்டாயம் இருக்கவேண்டும்.

ஏப்ரல் 21

சான்றிதழ் வாங்கத் தொழிற்சாலைக்குப் போனேன். வாயிற்காவலர் பார்வையாளர் ஏட்டை என் முன் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கிருந்த கூச்சம் உள்ளே யாருக்கும் இல்லை.

இரண்டே வரிகள். 'தொழிற்கூடப் பணியாளராக இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்தார்.' பணியாளர். பதவியைக் குறிப்பிடவில்லையே என்று கேட்டேன்.

"பெரிசா எழுதினா நாளைக்குப் பெரிய எடத்துல கேள்வி வரும் சார்" என்றார் மேலாளர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "உங்களுக்கு இது போதும்."

போதுமா? எனக்கு எது போதும்னு சொல்ல நீ யாருடா? நீ வேலைல சேந்தப்ப மோல்டுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்னு காட்டினவன் நான் — இதை அங்கே சொல்லவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இங்கே எழுதுகிறேன். எழுதியதை அடிக்கவும் மாட்டேன்.

ஏப்ரல் 22

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, தலையணையுறை ஒன்றை உதறியபடி சொன்னாள்: "சான்றிதழ்ல மட்டும் பணியாளராம். பழி போடறப்ப எல்லாம் 'தலைவர்'னுதானே போட்டான்?"

அந்தப் பழிகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

பதினெட்டு நொடி அச்சுக்குள் ஆறவேண்டிய கொக்கியைப் பதினோராவது நொடியில் எடுத்துவிடச் சொன்னவர் மேலாளர். ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் உருப்படி கூடுதலாக வரும். கொக்கிகள் உடையும், சலவை இயந்திர நிறுவனத்திலிருந்து புகார் வரும். பதிலின் முதல் பக்கத்தில் 'காரணம்: அச்சுப் பராமரிப்புக் குறைவு. பொறுப்பு: அச்சுப் பிரிவுத் தலைவர்' என்று இருக்கும். நான் கையெழுத்திடுவேன். அதன் கீழே 'ஒப்புதல்: தொழிற்சாலை மேலாளர்' என்று அவர் கையெழுத்து, முத்திரையுடன். பதினோரு ஆண்டுகளில் நாற்பத்து மூன்று முறை.

ஏன் கையெழுத்திட்டேன்? முதல் பத்துக்கு மகளின் படிப்பைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். மற்ற முப்பத்து மூன்றுக்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. என் கோபத்தில் ஒரு பங்கு என்மீதும் உண்டு.

ஆனால் அந்தக் காகிதங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? எனக்கு வேலை தர நினைக்கிறவர்களிடமே! மூன்று வாக்கியத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாவது: 'என் பதவிக்கான சான்று உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.'

மே 6

திரைவழி நேர்காணல். அங்கே தரப் பிரிவுக்குத் தலைமை வகிப்பவர் நரைத்த தலைமுடியுள்ள ஒரு பெண்மணி. எடுத்தவுடன் ஒரு கட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தார். நாற்பத்து மூன்று தவறுகள், எல்லாவற்றிலும் உங்கள் பெயர். உங்களை நான் எதற்கு எடுக்கவேண்டும் என்றார்.

இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள் என்றேன்.

ஒவ்வொரு பதிலோடும் இயந்திரம் தானே அச்சிடும் அளவுத் தாளை இணைப்பது விதி. எங்கள் மேலாளர் முதல் பக்கத்தைத் தாண்டிப் படித்தவரல்லர். அந்தத் தாளில் 'குளிரும் நேரம்: 11 நொடி' என்ற இடத்தைச் சுற்றி ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். என் வீரம் அந்த வட்டத்தின் அளவே இருந்தது.

அந்தப் பெண்மணி சிரித்தார். முதல் பக்கத்தில் பொய்யும் இரண்டாம் பக்கத்தில் உண்மையும் எழுதுகிற அந்த ஆளை ஆறு ஆண்டுகளாகச் சந்திக்க நினைத்திருந்தாராம்.

மே 9

எடுத்துக்கொண்டார்கள்.

மே 13

அவர்களுடைய சட்டப் பிரிவு நாற்பத்து மூன்று பதில்களையும் சான்றாக ஏற்றுக்கொண்டது. பழைய நிறுவனத்தின் தாள், முத்திரை, பதவிப் பெயர், போதாததற்கு மேலாளரே இட்ட ஒப்புதல். நான் கெஞ்சியிருந்தாலும் இவ்வளவு நல்ல சான்றிதழ் தந்திருக்கமாட்டார்.

உள்ளூர்க்காரர் யாரும் கிடைக்கவில்லை என்று காட்ட, நான்கு வாரம் அங்கே விளம்பரம் செய்யவேண்டுமாம். காத்திருக்கிறேன்.

ஜூன் 17

விசாவுக்கு விண்ணப்பிக்க அந்த நிறுவனம் தரவேண்டிய பணி ஆதரவுச் சான்று வந்துவிட்டது. அதிலுள்ள எண்ணை மனைவி மூன்று முறை படிக்கச் சொன்னாள். நான்காவது முறை அவளே படித்தாள்.

மாலையில் மைத்துனன் வந்தான். "அத்தான், அங்க எனக்கு ஏத்த மாதிரி ஏதாவது இருக்குமா?" காலையில் வாக்கிங் போக நல்ல பாதைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். இன்று அவனுக்கு மூன்று காபி கிடைத்தது.

ஆகஸ்ட் 20

கடவுச்சீட்டில் விசா. பக்கத்தில் என் ஒளிப்படம் — சவரம் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் நாள். ஜன்னலோர மேசை. உடைந்த கொக்கிகள் நிறைந்த ஒரு தட்டு எனக்காகக் காத்திருந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. இவை என் பழைய பிள்ளைகள். இன்னும் பதினோரு நொடிதான்.

அக்டோபர் 3

நான் எழுதிக்கொடுத்த விதியைத் தரப் பிரிவு ஏற்றது. புகாருக்கான பதிலில் இனி, இயந்திர அளவை மாற்ற உத்தரவிட்டவரே பொறுப்பாளர் இடத்தில் கையெழுத்திடவேண்டும். உதிரிபாகம் அனுப்பும் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று.

நவம்பர் 12

பழைய தொழிற்சாலையிலிருந்து பதில் வந்தது. 'பராமரிப்புக் குறைவு' என்ற அதே வாசகம். பொறுப்பு என்ற இடத்தில், என் நாற்காலிக்கு வந்தவரின் பெயர். திருப்பி அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் மேலாளரே அழைத்தார். குரலில் இவ்வளவு தேன் இருந்ததை இருபத்தாறு ஆண்டுகளில் நான் அறியவில்லை.

"சார், நீங்கதான் அங்க இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு. நம்ம பழைய பழக்கத்துக்கு, இந்த ஒரு தடவ அப்படியே எடுத்துக்கக் கூடாதா?"

"இரண்டாம் பக்கத்தையும் ஒருமுறை படிச்சுட்டு அனுப்புங்க" என்றேன். "அது போதும்."

நவம்பர் 19

திருத்திய பதில் இன்று வந்தது. காரணம்: குளிரும் நேரம் குறைக்கப்பட்டது. பொறுப்பு: தொழிற்சாலை மேலாளர். இனிப் பதினெட்டு நொடி என்று உறுதிமொழியும் இருக்கிறது. சென்ற வாரம் வந்து சேர்ந்த மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'சரிபார்த்து ஏற்றவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டுப் பதவியை முழுமையாக எழுதினேன். மேலே, பொறுப்பாளர் இடத்தில் அவர் கையெழுத்து சற்றுக் கோணலாக இருக்கிறது. அந்த இடத்தில் போட்டுப் பழக்கமில்லை போலும்.