எல்லோருக்கும் டைட்

திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடை ஆபீசில்.

பனியன் வாங்கின வெளிநாட்டு பையர் பணம் இன்னும் வரவில்லை. முதலாளி கூப்பிட்டார். “கையில காசில்லைன்னு இங்கிலீசுல பதமா ஒரு மெயில் போடு அம்மிணி. பிச்சை கேக்கற மாதிரி இருக்கப்படாது.”

நெட்டில் தேடி எடுத்தவை: டைட்டனிங் அவர் பெல்ட்ஸ், இடுப்பு வாரை இறுக்குவது. மேக்கிங் எண்ட்ஸ் மீட், இரண்டு முனையையும் எட்டவைப்பது. ஃபீலிங் தி பிஞ்ச், கிள்ளு வலிப்பது. அந்தக் கிள்ளலையே போட்டேன். வெள்ளைக்காரனுக்கு வறுமைகூடக் கிள்ளுகிற அளவுதான் போல!

ராத்திரி சாப்பிடும்போது இவர், “ரேவதி, கொஞ்சம் டைட்டா இருக்குது” என்றார். அருள்புரத்தில் ஷெட் பிடித்து ஆறு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் எடுக்கிறவர். “யாருக்குத்தான் மாமா டைட் இல்ல?” என்றேன். இந்த ஊரில் டீக்கடையில் நலம் விசாரித்தாலும் அதே பதில்தான்.

புதன்

மழை விட்டது. துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

மெயிலைப் படித்து முதலாளிக்கு ஏக சந்தோஷம். “அழகா அழுதிருக்கற அம்மிணி.” எனக்கும் பெருமைதான்.

இவர் இன்றும் ஆரம்பித்தார். “ரொம்ப டைட்டு கண்ணு…” மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பேசலாம் என்றேன். அப்புறம் தூங்கிப்போனேன்.

சனி

சம்பள நாள். இவரிடம் தைக்கிற திருநெல்வேலி அக்காவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். “அண்ணாச்சி இந்த வாரமும் பாக்கி இல்லாம குடுத்துட்டாவ.” மனசு குளிர்ந்தது. வரும் வழியில் அரைக் கிலோ திராட்சை.

ஞாயிறு

நல்ல வெயில். இவர் விடியலிலேயே ஷெட்டுக்குப் போய்விட்டார். பணியாரம் சுட்டு எடுத்துப் போனேன்.

ஆறு மெஷினும் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை, நூல் கழிவு. இவர் கூட்டிக்கொண்டிருந்தார். நேற்றுக் கொடுத்த சம்பளம், மெஷின் வாங்கினவர் தந்த அட்வான்ஸாம். காலையில் வண்டி வந்து ஏற்றிப் போய்விட்டது.

“ஏனுங்க மாமா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” கத்திவிட்டேன்.

“சொன்னனே கண்ணு.”

வாரம் முழுக்கச் சொன்னார். முதலாளிக்காக நெட்டைக் குடைந்தவளுக்கு, கட்டின புருஷன் சொன்னது காதில் ஏறவில்லை. பாவி நான். அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஒரு பணியாரத்தை என் கையில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“உங்க கம்பெனியில துணி செக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்களா?”